முறப்பநாட்டில் இருந்து ஒரு குடம் தண்ணீர்

நாங்கள் இருப்பது கோவில்பட்டியில். அங்கிருந்து எட்டயபுரம் சாலையில் பிரிந்து 12 கிலோமீட்டர் போனால் எங்கள் அப்பாவின் ஊர். சித்திரை மாதக் கடைசிச் செவ்வாயில் அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அன்று தாமிரபரணியில் இருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்து வருவது எங்கள் குடும்பத்தின் வேலை. மாலை ஆறு மணிக்கு முளைப்பாரி கிளம்பும் முன் தண்ணீர் வந்துவிட வேண்டும். குடம் கை மாறலாம், ஆனால் ஆற்றங்கரையைத் தாண்டியபின் தரையைத் தொடக் கூடாது.

வழக்கமாக அப்பாதான் போவார். இந்த வருடம் பைக்கில் இருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. "நான் போறேன்" என்றேன். கோயில் தர்மகர்த்தா எனக்குப் பெரியப்பா முறை. அவருக்கு விருப்பமில்லை.

"பிளஸ் ஒன் படிக்க புள்ள. புஸ்தகத்தப் பாத்துக்கிட்டே எங்கனயாவது இறக்கி வெச்சிருவா. அப்புறம் அடுத்த வருஷம் வேற வீட்டுக்குத்தான் குடத்தக் கொடுக்கணும்."

"அவ இறக்க மாட்டா. நான் பொறுப்பு" என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தையை நம்பி, துணைக்கு அத்தையுடன் கிளம்பினேன். அத்தை அப்பாவின் தங்கை; தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை பார்க்கிறார். அன்று லீவு போட்டிருந்தார்.

காலை 5.40-க்கு கோவில்பட்டியில் பஸ். திருநெல்வேலி 55 கிலோமீட்டர், ஆளுக்கு 50 ரூபாய். ஏழு மணிக்குப் புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து தூத்துக்குடி சாலையில் முறப்பநாடு சுமார் 17 கிலோமீட்டர், 20 ரூபாய். கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள். விரைவுப் பேருந்துகள் அங்கே நிற்பதில்லை. 8.05-க்கு இறங்கி, காலிக் குடத்தோடு ஆற்றை நோக்கி நடந்தோம். பதினைந்து நிமிட நடை.

வெடித்துக் கிடக்கும் கரிசல் காட்டையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நடையே ஒரு சுற்றுலா. இரண்டு பக்கமும் வாழை, வாய்க்காலில் தண்ணீர், வரப்பில் கொக்கு. "மே மாசத்துலயும் எப்படிப் பச்சையா வெச்சிருக்காவ பாரு" என்று அத்தை யாரையோ குறை சொல்வதுபோலச் சொன்னார்.

கைலாசநாதர் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. நவகைலாயங்களில் ஒன்று, குருவுக்கு உரிய தலம் என்பதால் வியாழக்கிழமைகளில் கூட்டம் இருக்குமாம். நாங்கள் போனது செவ்வாய். எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர்தான். இந்த இடத்தில் ஆறு தெற்கிலிருந்து வடக்கே திரும்பி ஓடுவதால் காசிக்குச் சமம் என்கிறார்கள். நான் சூரியனை வைத்துத் திசை பார்த்தேன். உண்மைதான், வடக்கேதான் போகிறது.

தவறவிடக் கூடாதது நந்தி. அதற்குக் குதிரை முகம். குதிரை முகத்தோடு பிறந்த ஒரு சோழ இளவரசி இந்த ஆற்றில் குளித்ததும் மனித முகம் பெற்றாளாம். அவளுடைய முகத்தை நந்தி வாங்கிக்கொண்டதாம். அதை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்ட நந்தியை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு படித்துறை. தண்ணீர் இடுப்பளவு, அடியில் மணல் தெரிகிறது. எங்கள் தெருவில் வாரம் ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அதுவும் இந்த ஆற்றுத் தண்ணீர்தான், குழாய் வழியாக அவ்வளவு தூரம் வருகிறது. முழங்காலில் மீன்குஞ்சுகள் முட்ட, எதிர்க்கரை மரங்களைப் பார்த்தபடி நின்றேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. அத்தைகூட மூன்று முறை முங்கிவிட்டு நான்காவது முறை சும்மா முங்கினார்.

குடத்தை நிறைத்து, மாவிலை வைத்து, வாயில் மஞ்சள் துணி கட்டினோம். 10.15-க்கு ஆட்டோ. மெயின்ரோடு வரை 40 ரூபாய். ஆட்டோக்கார அண்ணாச்சி மடியில் இருந்த குடத்தைப் பார்த்து, "மெதுவா ஓட்டுதேன் தாயி. சிந்துச்சுன்னா சாமி என்னையில்லா கேக்கும்" என்றார்.

சாலையில் ஒரு டீக்கடை. அத்தை வடை வாங்க உள்ளே போனார். நான் குடத்தோடு வெளியே நின்றேன். கடைக்குப் பக்கத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். வாளி நிறைந்து, வழிந்து, தண்ணீர் சாலை வரை ஓடிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. ஓடிப்போய்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் குழாயை முறுக்கி அடைத்தேன். நிமிர்ந்தபோதுதான் குடம் தரையில் இருப்பது தெரிந்தது.

அவசரமாகத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

அத்தை கடைக்குள். பார்த்தது, எங்களை இறக்கிவிட்டு அங்கேயே நின்ற ஆட்டோ அண்ணாச்சி மட்டும். அவர் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே, "நான் எதையும் பாக்கல தாயி" என்றார். 10.40-க்கு பஸ். அதில் போனால்தான் கோவில்பட்டியில் மதியம் 2.30-க்கு ஊர் பஸ்ஸைப் பிடிக்கலாம். அதை விட்டால் அடுத்தது ஐந்து மணிக்குத்தான். குடத்தின் அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தேன். "நான் பொறுப்பு" என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

அத்தை வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன்.

"ஏட்டி! ஒங்க பெரியப்பன் வாயில சர்க்கரையத்தான் போடணும்! சொன்ன மாதிரியே செஞ்சுட்டியே!" என்று கத்தினார். பிறகு குழாயைப் பார்த்தார், வழிந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தார். "எவன் தொறந்து போட்டான்?" என்று கடையைப் பார்த்து ஒரு சத்தம். கடைசியில், "சரி ஏறு. அண்ணாச்சி, திருப்புங்க வண்டிய."

பழைய தண்ணீரை ஆற்றிலேயே விட்டுவிட்டு மறுபடி நிறைத்தோம். அண்ணாச்சி காத்திருந்து கூட்டிவந்து, போக வர 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். பஸ் போயிருந்தது. அடுத்து வந்தவை நிற்கவில்லை. 12.25-க்குத்தான் ஒன்று நின்றது. திருநெல்வேலி ஹோட்டலில் அத்தை சாப்பிடும்போது குடம் என் மடியில், நான் சாப்பிடும்போது அத்தை மடியில். சப்ளை செய்தவர், "குடத்துக்கும் ஒரு இலை போடவா?" என்று கேட்டார். கோவில்பட்டி வந்தபோது மணி 3.20. ஐந்து மணி பஸ் பத்து நிமிடம் தாமதம். ஊரில் இறங்கியது 5.50.

மேளச்சத்தம் கேட்டது. பெண்கள் முளைப்பாரியோடு வரிசையில் நின்றார்கள். அப்பா கோயில் வாசலில் நாற்காலியில், கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தர்மகர்த்தா பெரியப்பா என் முன்னால் வந்து, ஒவ்வொரு வருடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எங்கனயும் தரையில இறக்கலையே?"

"இறக்கிட்டேன் பெரியப்பா. திரும்பிப் போயி வேற தண்ணி எடுத்தேன். இத இறக்கல."

மேளம் நின்றுவிட்டது. அப்பாவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"எதுக்கு இறக்குன?"

"ஒரு குழாய் தொறந்து கெடந்துச்சு. தண்ணி ரோட்டுல ஓடுச்சு."

பெரியப்பா ஒரு எட்டு கிட்டே வந்தார்.

"அடைச்சியா?"

"அடைச்சுட்டேன்."

"சொட்டுச் சொட்டா விழலையே?"

"இல்ல பெரியப்பா. இறுக்கி அடைச்சேன்."

"சரி, கொண்டா" என்று இரண்டு கையையும் நீட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறும்முன் ஆறு இன்னும் அழகு. நடை சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி அவசியம், நனைந்த துணியை ஆற்றில் விட்டு வராதீர்கள். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போலத் தண்ணீர் எடுக்கப் போனால் இரண்டு பேராகப் போங்கள், ஒருவரைக் குடத்தோடு தனியாக விட்டு மற்றவர் வடை வாங்கப் போகாதீர்கள். ஒருவர் குடத்தைப் பிடிக்க, ஒருவர் குழாயை அடைக்க. அடுத்த வருடம் அப்பாவுக்குக் கால் சரியாகிவிடும். ஆனாலும் குடம் எனக்குத்தான் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.