முன் முப்பது பாட்டுகள்

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜெயரட்ணம் பாதிரியாரின் விரல்கள் சும்மா இருக்காது. கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பாட்டின் சீர் எண்ணுவார். நாங்கள் குடியிருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லில் ஏறினால் விமானநிலையம் வரும்வரை இதே வேலை. பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவி, மனுஷன் ஜெபம் பண்ணுகிறார் என்று மரியாதையாக ஒதுங்கி இருப்பாள்.

ஞாயிறுகளில் வெள்ளைக்காரரிடம் இரவல் வாங்கிய கோயிலில் எங்களுக்கு ஆராதனை நடத்துகிறவர், வாரநாட்களில் விமானச் சாப்பாட்டுத் தட்டுக் கழுவுகிறார். கேட்டால், "தட்டுகள் பிரசங்கத்தில நித்திரை கொள்ளாது" என்பார்.

குத்தல் எங்களுக்குத்தான். ஐம்பது நிமிடப் பிரசங்கத்தில் முப்பது நிமிடம், முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்துக் கிராமமொன்றில் இருந்த பாதிரியாருக்குப் போய்விடும். கிரேக்கமும் எபிரேயமும் கரைத்துக் குடித்த மனுஷன், பாட்டும் எழுதியவர். "என்ர ஆள்" என்பார் நம்மவர், ஏதோ எங்கள் ஊர் மானிப்பாயில் கூடப் படித்தவர் மாதிரி. எங்களுக்கு வயிற்றைக் கிள்ளும், அவருக்கென்ன!

அந்த ஆளின் அறுபது பாட்டுகளையும் ஊரிலேயே தமிழாக்கிவிட்டார். தொண்ணூற்றுமூன்றில் புறப்படும்போது அவற்றை எழுதிவைத்த கொப்பியைப் பக்கத்து வீட்டு விக்னேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு வந்தார். இங்கே ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியதில் பின் முப்பதும் வந்துவிட்டன. முன் முப்பதும் வரவேயில்லை. இங்கிலிஷ் புத்தகம்தான் இருக்கிறதே, புதிதாக எழுதினால் என்ன என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"எழுதலாம் தம்பி. ஆனா அதைத் தமிழில எழுதின ஆள் இப்ப இல்லையே."

போன மாதம் விக்னேஸ்வரி விசா கிடைத்து வந்து சேர்ந்தாள். மூன்று வயது மகளோடும் கொப்பியோடும் பாதிரியார் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொப்பியைத் திறந்தார். முப்பத்தோராம் பாட்டிலிருந்துதான் இருந்தது. அதற்கு முன்னால் கிழித்த தாள்களின் விளிம்புகள் மட்டும்.

"ஃபாதர், தொண்ணூற்றஞ்சில சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் இடம்பெயரேக்க சரியான மழை. விறகெல்லாம் ஈரம். இவள் கைக்குழந்தை. பால்மா கரைக்கச் சுடுதண்ணி வேணும். முன்பக்கத்தாலை கிழிச்சுத்தான் அடுப்பு மூட்டினனான்." சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள்.

பாதிரியார் அந்த விளிம்புகளைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"தண்ணி கொதிச்சுதோ, பிள்ளை?"

"ஓம், ஃபாதர்."

கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டு, சிறுமியைத் தூக்கி மடியில் இருத்திக்கொண்டார்.