பழுப்புக் கோட்டில் முப்பத்தெட்டு வீடுகள்

எங்கள் அண்ணியைத் தெருவில் ‘சில்லு’ என்றுதான் சொல்வார்கள். உடைந்த டைல்ஸ் சில்லுகளை ஒட்டிச் சுவரில் படம் செய்வது அவர் தொழில். அண்ணன் தரை போடும் இடங்களில் மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கி வந்து, எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு மீன் செய்ததில் தொடங்கியது. மீனுக்கு மீசை இருந்தது. கேட்டால், “கெளுத்திக்கு மீசை இல்லாம வேற எதுக்கு இருக்கும்?” என்று சண்டைக்கு வருவார். வாய் அப்படி. கொத்தனாராகப் பன்னிரண்டு வருடம் அவரோடு வேலை பார்த்துவிட்டேன். அதில் பாதி, அவர் பேசியதற்கு நான் மன்னிப்புக் கேட்பதுதான்.

மனை விற்கிற கம்பெனி ஒன்று, தன் புது அலுவலக வரவேற்பறைச் சுவருக்கு எங்களைக் கூப்பிட்டது. மேலாளர் தன் அறையில் மாட்டியிருந்த ஓவியத்தைக் காட்டி, “இதையே பெருசா செஞ்சு குடுங்க” என்றார். மேலே நீலப் பட்டை, நடுவில் சாம்பல், கீழே பழுப்பாக ஒரு கோடு. பெயர், ‘வெற்று நிலம்’. ஓவியர் ஒருவர் அந்தக் கட்டடத்து மொட்டைமாடியில் நின்று வரைந்ததாம்.

அண்ணி கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தார்.

“வானம் நல்லா வந்திருக்கு சார். சாம்பலும் சரிதான், மழைக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும். இந்தப் பழுப்புதான் பொய்.”

“இது மாடர்ன் ஆர்ட்மா. இதுல பொய், நிஜம்லாம் கிடையாது.”

“அந்தப் பழுப்புலதான் சார் நாங்க குடியிருக்கோம்.”

மேலாளர் சிரித்தார். சிரிக்கமாட்டாரா? அங்கே ஒரு வீடும் இல்லையென்று அவரே கையெழுத்துப் போட்டுத்தான் கம்பெனி அரசிடம் நிலத்தைக் கேட்டிருந்தது. எங்கள் தெருவில் முப்பத்தெட்டு வீடு. அடுத்த மாதம் இடிக்க வருகிறார்கள் என்று பேச்சு.

வெளியே வந்ததும், “இந்த வேலையே வேணாம் அண்ணி” என்றேன்.

“கண்டிப்பா வேணும் தம்பி. அந்த ஓவியரு தூரத்துல நின்னு வரைஞ்சாரு. நான் கிட்ட நின்னு செய்யறேன்.”

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. சில்லுகளின் பளபளப்பான பக்கத்தைக் காகிதத்தில் கவிழ்த்து, மாவுப் பசையால் ஒட்டுவோம். காகிதத்தோடு ஈரச் சிமெண்டில் பதிப்போம். சிமெண்ட் இறுகியபின் நனைத்து உரித்தால்தான் படம் தெரியும். அதுவரை பார்ப்பவருக்குச் சுட்ட மண் நிறத்தில் வெறும் முதுகுகளும், பதித்தபின் காகிதமும்தான். அண்ணி வீடு வீடாகப் போய்க் கதவு நிறம் பார்த்து வந்தார். ஆறு வருடமாக அவரோடு பேசாத எதிர்வீட்டுக்காரியைக்கூட விட்டுவிடவில்லை. அவள் ஜன்னல் திரையின் கிழிசலுக்காக ஒரு விரிசல் சில்லைத் தேடி வைத்தார். மேலாளர் ஒருநாள் வந்து முதுகுகளைப் பார்த்து, “பிரமாதம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திறப்பு நாளில், விருந்தினர் முன்னால் காகிதத்தைத் தன் கையாலேயே உரிக்க மேலாளர் ஆசைப்பட்டார். நீல வானம் வந்தது. கைதட்டினார்கள். சாம்பல் வந்தது. பிறகு பச்சைக் கதவு, மஞ்சள் கதவு, கொடியில் துணி, குழாயடியில் குடத்தோடு ஒருத்தி. கைதட்டல் நின்றது.

விருந்தினரோடு வந்திருந்த அந்த ஓவியர் சுவருக்கு அருகே குனிந்தார். “மாடியிலேருந்து எனக்கு இதெல்லாம் தெரியலையே” என்றார்.

“இறங்கி வந்திருக்கணும் சார். கோடு என்னமோ நீங்க போட்ட இடத்துலதான் இருக்கு” என்றார் அண்ணி.

மேலாளர் முகம் கறுத்தது. “கொத்தனாரே, உடைச்சுத் தள்ளுய்யா!” என்று என் பக்கம் திரும்பினார்.

பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவுகளைப் பார்க்கப் பார்க்கக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

“சரி சார். எந்த வீட்டுலேருந்து ஆரம்பிக்கட்டும்?”