காசிமின் முதுகு

பிள்ளைகளே, காசிம் மாமா நம் வீட்டுக்கு வராததற்குக் காரணம் நான்தான்.

நாங்கள் இருவரும் தண்டையார்பேட்டை குடோனில் மூட்டை சுமந்தோம். ஓர் ஓவியர் வந்து அவன் முதுகை வரைந்துகொண்டு போனார். அந்தப் படத்தைத் தேடி ஒரு சாயங்காலம் மூன்று ஆர்ட் கேலரிகளில் ஏறி இறங்கினோம். மூன்றாவதில் இருந்தது. மூட்டை அழுத்தி வந்த கழுத்தடிக் கட்டியைக்கூட விடாமல் வரைந்திருந்தார்.

"இந்த ஆளுதாம்மா அது!" என்றேன். அங்கிருந்தவர்கள் நம்பவில்லை.

"சட்டையக் கழட்டிக் காட்டு தோஸ்து."

"வேணாம் மாமு, பேஜாரா கீது."

நானே பின்னாலிருந்து சட்டையைத் தூக்கினேன். ஒரு பெண் கட்டியை விரலால் அழுத்திப் பார்த்து, "அட, நிஜமாவே இருக்கே!" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திரும்பும்போது காசிம் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தான்.

மறுநாள் குடோனில் யாரும் இல்லாதபோது சட்டையைக் கழற்றினேன். என் கழுத்தடியிலும் இருக்கும் அதே கட்டியை, அவள் அழுத்தியது போலவே அழுத்திப் பார்த்தேன்.