கேமராவுக்கு நேரே கவிழ்க்கும் டம்ளர்

அப்பாவுக்குச் சுத்தமாகக் காது கேட்காது. சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். கடலூருக்கு என்னோடு வந்துவிடுங்கள் என்றால் மாட்டாராம். போன் போட்டால், அது அடிப்பது கண்ணில் பட்டால்தான் எடுப்பார். எடுத்ததும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பேசுவது நானா, ராங் நம்பரா என்பதெல்லாம் அவருக்குக் கவலையே இல்லை.

அதனால்தான் கூடத்தில் கேமரா வைத்தேன். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டு, பலகாரம் சாப்பிட்டு முடித்ததும், டம்ளரைக் கேமராவுக்கு நேரே மேசையில் கவிழ்த்து வைப்பார். எல்லாம் ஆயிற்று என்று அர்த்தம். என் லேப்டாப்பில் அந்தக் கவிழ்ந்த டம்ளரைப் பார்த்த பிறகுதான் நான் ஆபீஸுக்குக் கிளம்புவேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் டம்ளர் தெரியவில்லை. டம்ளர் என்ன, கூடமே தெரியவில்லை. கறுப்புக் கட்டத்துக்குள் 'பிளக்கினைப் புதுப்பிக்கவும்' என்று ஒரு வரி மட்டும் நின்றது. முந்தின நாள் சாயங்காலம், பல வாரமாக நச்சரித்த சிஸ்டம் அப்டேட்டுக்கு நான்தான் சரி கொடுத்திருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை, பாருங்கள்.

கேமரா மாட்டிக்கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "உங்க சிஸ்டம் இப்ப புதுசு மேடம், நம்ம கேமராப் பெட்டி பழசு. படத்தக் காட்டுற அந்த பிளக்கின் இதுல ஏறாது. எதுக்கும் புதுசு ஒண்ணு எறக்கிப் பாருங்க" என்றார்.

இறக்கினேன். இந்தச் சிஸ்டத்துக்குப் பொருந்தாது என்றது. பொருந்துகிற சிஸ்டங்களின் பட்டியலைத் தேடிப் படித்தேன். என்னுடையது அதில் இல்லை. பிரவுசரைப் பழைய முறைக்கு மாற்றி, மூடித் திறந்தேன். மறுபடியும் அதே கறுப்பு. இடையிடையே அப்பாவுக்குப் போன் போட்டேன்; அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அப்பாவின் கீழ்வீட்டுக்காரர்களுக்குப் போட்டால், "நாங்க வடலூர் வந்துட்டோமே, ஜோதி பாத்துட்டுத்தான் வருவோம்" என்றார்கள். மணி ஒன்பதரை ஆகிவிட்டது. லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. ஒரு மணி நேரத்தை அந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டித் தொலைத்தேனே, முதலிலேயே கிளம்பித் தொலைத்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. அப்பா கேமராவுக்கு நேர் கீழே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மடியில் சர்க்கரை டப்பா, வாயைச் சுற்றிச் சர்க்கரை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மாத்திரை போட்டேன்மா. இட்லி எடுக்கறதுக்குள்ள தல சுத்திடுச்சு. ரெண்டு வாய் சர்க்கரை அள்ளிப் போட்டுகினு, இப்பிடி வந்து உக்காந்து, உனக்குக் கையாட்டினேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"கை வலிக்கிற வரைக்கும் ஆட்டினேன். நீ பாத்துடுவேன்னு தெரியும், அதான் பயமே இல்ல. பாத்துட்டுத்தான ஓடியாந்த?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.