கழுத்தில் இரண்டு விரல்

இன்று ஆன்லைன் தஜ்வீத் வகுப்பில் மாட்டிக்கொண்டேன்.

(தஜ்வீத் என்றால் குர்ஆனை எழுத்துச் சுத்தமாக ஓதும் முறை. முப்பது வயதில் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.)

வீடியோவில் உஸ்தாதா (ஓதிக்கொடுக்கும் ஆசிரியை) திடீரென்று நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, ஓதும்போதெல்லாம் கழுத்தப் பிடிச்சுக்கிறீங்களே, தொண்டை வலியா?"

அப்போதுதான் நானே கவனித்தேன். என் இரண்டு விரல்கள் தொண்டைமேல் இருந்தன.

"இல்ல உஸ்தாதா, இப்படித்தானே ஓதணும்?"

"எந்தக் கிதாபுல இருக்கு?"

எந்தப் புத்தகத்திலும் இல்லை. அம்மா அப்படித்தான் ஓதுவார். பார்த்துப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது. ஓதுவதற்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளூச் செய்வதுபோல இதுவும் ஒரு சட்டம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். (அம்மா அடுப்பை அணைத்தால் கதை பெரிது என்று அர்த்தம்.)

அறுபதுகளின் கடைசி. நெய்வேலி. அம்மாவுக்கு எட்டு வயது.

நன்னா, அதாவது அம்மாவின் அத்தா (அப்பா), கம்பத்திலிருந்து வந்து சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். வெட்டிய நிலக்கரியை மேலே கொண்டுவரும் பெரிய பெல்ட் ஓடும் இடத்தில் அவருக்கு வேலை. அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்களாம்.

குவார்ட்டர்ஸ் எல்லாம் அப்போது புதிது. வாசலில் நட்ட வேப்பங்கன்று இடுப்பளவுகூட வளரவில்லை. அந்த பிளாக்கில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஆள் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, நன்னாவே அம்மாவை எதிரில் உட்காரவைத்து ஓதிக்கொடுத்தார்.

"மூஞ்சிய நிமுத்து தாயி. வாயத் தெறந்து ஓது."

நாக்கு நுனி பல்லுக்கிடையில் வராவிட்டால் உடனே பிடித்துவிடுவார். உதடு சரியாகச் சேராவிட்டால் அந்த வரியை மறுபடி ஓதவேண்டும். எங்கத்தா காதுல ஒரு தப்பு தப்பிக்காது என்று அம்மா பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

குர்ஆனை ஓதி முடிக்கக் கொஞ்சம்தான் பாக்கி. முறையாக ஓதிய ஒருவர் பிள்ளை ஓதுவதைக் கேட்டுவிட்டால் நல்லது என்று அம்மாவின் அம்மாவான நன்னிக்குத் தோன்றியது. (நன்னிக்கு அப்போது என் வயதைவிடக் குறைவு.) மந்தாரக்குப்பத்தில் மளிகைக்கடைக்காரர் மனைவி ஜுலைகா இருந்தார். நெல்லிக்குப்பத்துக்காரர், நன்றாக ஓதத் தெரிந்தவர்.

ஜுலைகா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார். பாதியில் முறத்தைக் கீழே வைத்தார்.

"யாரு ஓதிக் குடுத்தது?"

"அவங்க அத்தாதான்."

"உதட்டுலயும் நாக்கு நுனியிலயும் வர எழுத்தெல்லாம் சுத்தமா ஓதுது. தொண்டையில பொறக்கற எழுத்து ஒன்னுகூட சரியில்லிங்க. தெரியாதவருன்னா எல்லாத்துலயும்தான தப்பு வரும்? இது என்னான்னா, கண்ணுக்குத் தெரியறது மட்டும் சரியா இருக்குது."

வீடு வரும்வரை நன்னி அந்தக் 'கண்ணுக்குத் தெரியறது மட்டும்' என்பதையே நினைத்துக்கொண்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் நன்னா ஓதக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு ஒங்க முதுகுப் பக்கம் ஒக்காந்து ஓதட்டும்" என்றார் நன்னி.

"எதுக்கு?"

"ஒங்க மூஞ்சியப் பாத்தா பயத்துல தடுமாறுறா."

அம்மா பின்னால் உட்கார்ந்து ஓத ஆரம்பித்தார். நன்னா வழக்கம்போலத் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

நன்னி அம்மாவின் வாயைக் கையால் பொத்தினார்.

நன்னாவின் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

நன்னி எழுந்துபோய் அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"எத்தன நாளா?"



"ஷிப்ட் முடிஞ்சா சரியாயிரும்னு இருந்தேன். மொதல்ல ஆச்சு. அப்பறம் ஆகல."

"என்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"வெளிய தெரிஞ்சா மெஷின்ல இருந்து எறக்கிருவாங்க. அது போனாப் போகுது. இவ ஓதுறது எனக்குக் கேக்கலன்னு நான் எப்படிச் சொல்றது?"

அம்மா பின்னாலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து அம்மா ஜுலைகாவிடம் ஓதப் போனார். தொண்டை எழுத்து எங்கே பிறக்கிறது என்று காட்ட, ஜுலைகா அம்மாவின் விரலை எடுத்து அம்மாவின் தொண்டையிலேயே வைத்தார்.

"எங்க அதிருது, தெரியுதா?"

தெரிந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா நன்னாவின் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு விரல்களைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு ஓதினார். நிலக்கரி கறுப்பு நகக்கண்ணில் அப்பிய விரல்கள். நன்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். விரலை மட்டும் எடுக்கவில்லை.

"எந்த எழுத்துன்னு தெரியுமாம்மா அதுல?" என்று நான் கேட்டேன்.

"எழுத்து தெரியாது. தொண்டைக்கு எறங்குச்சா இல்லையான்னு தெரியும். எறங்கலன்னா விரலால ஒரு தட்டு."

ஓதி முடிக்கும் நாளன்று பிளாக்கே வந்திருந்தது. பாலும் பூந்தியும் தயார். ஜுலைகாவும் வந்திருந்தார். எல்லார் முன்னாலும் அம்மா அத்தாவின் விரல்களை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு கடைசி சூராவை ஓதினார். நன்னா கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா நிறுத்தினார்.

நன்னாவின் தலையும் நின்றது.

(இந்த இடத்தில் அம்மா எழுந்து போய் எதற்கோ அடுப்பைத் துடைத்தார்.)

அதற்கப்புறம் நன்னா தானே போய் விஷயத்தைச் சொல்லி, சத்தமில்லாத ஸ்டோர்ஸ் வேலைக்கு மாறிக்கொண்டாராம். கடைசிவரை அம்மா ஓதினால் அவர் கை அங்கே இருக்கும்.

"அத்தா போனப்பறம் அந்த எடம் வெறிச்சுன்னு இருந்துச்சு. என் கையவே வச்சுக்கிட்டேன்."

இதையெல்லாம் உஸ்தாதாவுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். கேட்டுவிட்டார் என்று காட்டியது. பதில் இப்போதுதான் வந்தது.

"கைய எடுக்க வேணாம்மா. ஆனா உங்க 'ஐன்' எழுத்து இன்னும் தொண்டைக்கு எறங்கல. நாளைக்கு உங்க நன்னா தட்டுவாரு, பாத்து ஓதுங்க."