பனி உண்டாயிருந்தது

என் வீட்டுக்காரர் லோடு லாரியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டது ஒரு விடியற்காலையில். கேரள எல்லையில் அமரவிளைப் பக்கம் மரத்தடி அறுக்கும் மில் ஒன்றில் அவருக்கு வேலை. லாரி மேலே ஏறிக் கயிறு கட்டும்போது தார்ப்பாயில் கால் வழுக்கிவிட்டது. நான் குளத்தூரிலிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள், எப்படி விழுந்தார் என்று கேட்டு எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

மில்காரர் நஷ்டஈடு தர முடியாது என்றார். நெய்யாற்றின்கரையில் இலவச சட்ட உதவிக்கு எழுதிக் கொடுத்தோம். கிடைத்த வக்கீல் என்னைவிட இளைய பெண். ஸ்கூட்டரில் வருவார், பேச்சும் அதே வேகம். ஆனால் இவர் நொண்டிக்கொண்டு போய் உட்கார்ந்ததும், தன் நாற்காலியை இழுத்து இவர் காலுக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே ஃபைலைப் பார்த்தார். அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிறகு மில்காரரின் பதில் வந்தது. ‘பனி உண்டாயிருந்தது, அதனால் விழுந்தேன்’ என்று இவரே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாராம், மலையாளத்தில். காய்ச்சலோடு வந்து தலைசுற்றி விழுந்தவருக்கு நாங்கள் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். அந்த வாக்குமூலம் எடுபட்டுவிட்டால் கேஸ் அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பனி என்றால் காய்ச்சல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்புக்கு முடியாததை என்னிடம் ஏன் மறைத்தீர் என்று ஒரு வாரம் வாய் ஓயாமல் ஏசினேன். “எனக்கு ஒண்ணும் இல்லையே” என்று ஒரே ஒருமுறை சொன்னார். கையெழுத்து இருக்கிறதே, யார் நம்புவது?

அடுத்த முறை போனபோது வக்கீல் மலையாளத்தில் விசாரித்தார். பனி எத்தனை நாளாக இருந்தது?

“தை பொறந்ததுல இருந்தே உண்டு மேடம்.”

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டார்.

“அதுக்கு எதுக்கு மருந்து? வெயில் வந்தா தானா போயிரும்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் நாகர்கோவிலுக்குக் கிழக்கே பிறந்தவர்; அங்கே பனி என்றால் விடியலில் பெய்கிற பனி, எங்களுக்கு அது மஞ்ஞு. கல்யாணமாகி இங்கே வந்து மூன்று வருடம்தான். மலையாளம் தட்டுத்தடுமாறிப் பேசுவார், வாசிக்கத் தெரியாது.

“மேடமே, அது மஞ்ஞாக்கும்” என்றேன். “தார்ப்பாயில பெய்து கிடந்த மஞ்ஞு.”

வக்கீல் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். இவர் மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், ஒரு வாரம் ஏச்சு வாங்கியது எதனால் என்றே அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

விழுந்த அன்று காலை ஆஸ்பத்திரியில் உடம்புச் சூடு பார்த்து எழுதிய தாளை வக்கீல் தேடி எடுத்தார். காய்ச்சல் இல்லை. விசாரணை நாளில் ‘மஞ்ஞு, மஞ்ஞு’ என்று இவருக்குப் பாடம் சொல்லியே கூட்டிப்போனார். இவரும் தப்பில்லாமல் சொன்னார். ஆனால் விசாரித்த அதிகாரி வேறொன்று கேட்டார். நனைந்திருக்கிறது என்று தெரிந்தும் ஏன் ஏறினீர்?

இவர் தமிழுக்கு மாறிவிட்டார். “காயுதது வரை நின்னா லோடு போவாது சார். லோடு போவலைன்னா நாளைக்கு என்னை வேலைக்கு விளிக்க மாட்டாவ.”

வக்கீல் அதை ஒரு சொல் விடாமல் மலையாளத்தில் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். வேலை செய்யும்போதுதான் விழுந்தார் என்று உத்தரவு வந்தது, நஷ்டஈடும் கிடைத்தது. எனக்கு அந்தப் பதில்தான் இன்னும் காதில் கிடக்கிறது. தினமும் என் கையால் கட்டிக்கொடுத்த சோற்றை வாங்கிக்கொண்டு, அந்தப் பயத்தோடுதான் அவர் வீட்டிலிருந்து இறங்கினார் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.