அரிசி தின்ற அக்காவும் கல்யாண மழையும்

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி நிற்கிற மூன்று மாடிக் கட்டடம் நான் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கிற வாடகை வீடுகளும் நான் கட்டியவைதான். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நின்ற இடம் அது. வாங்காதே, ஏமாறுவாய் என்று படித்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். லாரி லாரியாக மண் அடித்து மேடாக்கினேன். மாடம்பாக்கத்தில் செங்கல், ஜல்லி வியாபாரம் தொடங்கி, ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று உள்ளே நுழைந்தால் பேங்க் மேனேஜர் எழுந்து நிற்கிறார். இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் என் வாழ்க்கையில் முதன்முதலாகச் சாதித்த காரியம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் நானே எழுதவேண்டியிருக்கிறது.

என் அக்காவுக்கு வெறும் அரிசி தின்கிற பழக்கம் இருந்தது. முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்க உட்கார்ந்தால், பாதி அரிசி வாய்க்குள் போய்விடும். நறுக் நறுக்கென்று அவள் மெல்கிற சத்தம் வாசல்வரை கேட்கும். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம் அது. ரேஷனில் கிடைத்த அரிசியில் கல்லும் தாராளமாகக் கலந்திருக்கும். பொறுக்கத் தவறிய கல் ஒன்று ஒருநாள் அவள் கடைவாய்ப் பல்லை இரண்டாகப் பிளந்துவிட்டது. கன்னம் பந்துபோல வீங்கியது. கிராம்பு வைத்துப் பார்த்தார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார்கள், வலி அடங்கவில்லை. கடைசியில் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய்ப் பிடுங்கினார்கள். மற்ற பற்களும் தேய்ந்து கிடப்பதை அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"வாய்க்குள்ள என்னம்மா, திருகையா வச்சிருக்கே? இதோட விட்டுடு. இல்லேன்னா முப்பது வயசுல கஞ்சிதான்."

அம்மாவுக்குப் பல்லைப் பற்றிக் கவலை இல்லை. மழையைப் பற்றித்தான் கவலை. அரிசி தின்கிற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அக்காவுக்குச் சிங்கப்பெருமாள் கோவிலில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. சத்திரம் பிடிக்க வசதியில்லை. வீட்டை ஒட்டிய பொட்டலில் கீற்றுப் பந்தல்தான். மழை வந்தால் அடுப்பும் சோறும் மானமும் ஒன்றாகப் போய்விடும்.

"பந்தல்ல தண்ணி நின்னுச்சின்னு வெச்சிக்கோ, உன் மாமியாக்காரி உன்னை இங்கியே வுட்டுட்டுப் போய்டுவா" என்பாள் அம்மா.

"போம்மா, குளுகுளுன்னு கீதேன்னு சந்தோசப்படுவாங்க" என்பாள் அக்கா, வாய் நிறைய அரிசியோடு.

அவளைக் காவல் காக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதலில் அரிசியில் வேப்பெண்ணெயைப் பிசறி வைத்தேன். ரயில்வே லைனில் வேலை முடித்து வந்த அப்பா ஒரு வாய்ச் சோறு எடுத்து வைத்தார். அன்று என் முதுகு பழுத்தது. அடுத்து, அரிசி டின்மேலேயே ஏறி உட்கார்ந்தேன். காதைப் பிடித்து இறக்கிவிட்டு அவள் எடுத்துக்கொண்டாள்.

பிறகுதான் மூளையை உபயோகித்தேன். ஒரு பழக்கத்தை வெறுமனே விடச் சொன்னால் யாரும் விடமாட்டார்கள். அந்த நேரத்துக்குக் கையில் வேறு ஏதாவது கொடுக்கவேண்டும். இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் அக்காவின் கை டின் பக்கம் போகிறது என்று கண்டுபிடித்தேன். ஸ்டேஷன் வாசலில் வேர்க்கடலை வறுப்பவருக்குக் காகிதம் கிழித்துப் பொட்டலம் மடித்துக் கொடுப்பேன். கருகினது, உடைந்தது என்று அவர் ஒரு கை அள்ளித் தருவார். அதை அப்படியே டிராயர் பையில் கொண்டுவந்து, அக்கா டின்னைத் திறக்கும் நேரம் பார்த்து நீட்டினேன்.

கடலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீ துன்னியாடா?"

"வயிறு முட்டத் துன்னுட்டேன்."

ஒன்று விடாமல் தின்றாள். கையில் ஒட்டிய தோலைக்கூட விடவில்லை. டின்னை மூடிவிட்டாள். தினமும் இப்படியே நடந்தது. ஆவணி பிறப்பதற்குள் அரிசி தின்கிற பழக்கம் அடியோடு போய்விட்டது.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்தது. முதல் பந்திக்கு இலை போடும்போது வானம் பொத்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "பொண்ணு அரிசி துன்னிருக்கும்டி!" என்று கூவினாள். பந்தலே சிரித்தது. அம்மா முகம் செத்துப்போயிற்று. எனக்கோ ஆத்திரம். நான் பட்ட பாடெல்லாம் வீணா?

"அதெல்லாம் அப்போ! இப்போ துன்றதில்ல. நான்தான் நிறுத்தினேன்!" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அடேங்கப்பா, பெரிய மனுசா! எப்டிடா நிறுத்தினே?"

"சோத்துப் பானை காலியானாத்தான் அக்கா அரிசி எடுக்கும். கரெக்டா அந்த நேரத்துல வேர்க்கடலை குடுத்துடுவேன்."

"பானை காலியானான்னா?"

"நாங்க அல்லாரும் துன்னப்புறம். அக்காதான் கடைசி. பாதி நாளு அதுக்கு மிஞ்சாது."

சிரிப்பு நின்றது. அம்மா மூங்கில் கம்பத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா எங்கே ஒழுகுகிறது என்று மேலே தேடுவதுபோல நின்றார்.

அந்த அம்மாள் எழுந்துபோய் அக்காவின் கையைப் பிடித்து அழைத்துவந்தார். ஒழுகாத இடமாகப் பார்த்து உட்காரவைத்து, தானே இலையை விரித்தார்.

"மொதல்ல இந்தப் பொண்ணு துன்னட்டும். மாப்பிள்ளையும் பெரியவங்களும் அப்பால துன்னலாம்" என்றவர், அக்காவைப் பார்த்து, "எங்க வூட்டு அரிசி டின்னுல கை வெச்சே, அப்புறம் இருக்கு உனக்கு" என்றார்.

என் வெற்றிக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்தேன். அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "பாருங்க, எப்டி மெல்லுது பாருங்க" என்று எல்லாரிடமும் காட்டினேன். பல் நன்றாக இருக்கிறவள் சோற்றை விழுங்கமுடியாமல் ஏன் அழுகிறாள், பந்தலில் அப்படிக் கத்தியும் அம்மா என்னை ஏன் அடிக்கவில்லை என்பதெல்லாம் அன்று எனக்குப் புரியவில்லை.

இன்றைக்கும் அக்காவுக்கு அந்த ஒரு பல்லைத் தவிர மற்றதெல்லாம் இருக்கிறது. பொங்கலுக்குக் கரும்பைக் கடித்தே தின்கிறாள். எல்லாம் மாமியார் போட்ட சோறு என்கிறார்கள் அவள் பிள்ளைகள். இருக்கட்டும், அந்த அம்மாள் மகராசிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு விஷயத்தைச் சொன்னது யார்? அதற்கு முன்னால் கடலை கொடுத்தது யார்? இனி அந்த வீட்டில் இந்தக் கதையை எடுத்தால் என்னையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முதலில் சொல்லவேண்டும்.